கையிருப்பு

ஹிரோசாகியில் ஜனவரி. கூரைப் பனியைத் தள்ளிவிட்டு
ஈரக் காலுறையோடு வேலைக்கு வந்தேன்.
முதல் ஆள் கசாய் யுகினோ, முப்பத்தொன்பது,
ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஓடும்
இரண்டு பெட்டி ரயிலில் கார்டு.
"விசில் ஊதினேன், கொடி விழுந்துவிட்டது"
என்று படிவத்தில் அவரே எழுதியிருந்தார்.
கட்டத்துக்குள் அடங்காமல் எழுத்து
ஓரத்துக்கு வளைந்து போயிருந்தது.

பலமாக ஊதினால் ரத்தத்தில் கரியமிலம் குறையும்,
குறைந்தால் மூளைக் குழாய்கள் சுருங்கும்.
உங்களுக்கும் எனக்கும் அது ஒன்றுமேயில்லை.
கழுத்திலிருந்து ஏறும் பெரிய நாளம்
வருடக்கணக்கில் அடைந்துகொண்டே வந்தவருக்கு
அது வலது கை.

அடைப்பைச் சுற்றிப் போக உடம்பு தானே இழுத்துக்கொண்ட
நூல் நூலான கிளைகள் படத்தில் புகையாகத் தெரியும்.
மொயமொய என்பார்கள் எங்கள் பேச்சில்.
மூடுபனிக்கும் அதே சொல்,
என்னவென்று பிடிபடாத மனசுக்கும் அதே.

முதலில் சும்மா ஒரு படம்.
பிறகு ஊசி. மருந்து உள்ளே போய்
எல்லாக் குழாய்களிடமும் ஒரே கேள்வி கேட்கும்:
இன்னும் கொஞ்சம் திறக்க முடியுமா?
முடிந்த இடம் சிவக்கும்.
ஏற்கெனவே முழுக்கத் திறந்துவிட்டது
கைவிரிக்கும்.

யுகினோவுக்கு இடப்பக்கக் கடைமடை முழுக்க நீலம்.
கையிருப்பு: கழித்தல் நான்கு.
அதாவது, புதிதாக ஒன்றும் வரவில்லை,
இருந்த தண்ணீரும் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது.

இருபது வருடமாக இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் போடுகிறேன்.
நல்ல படத்தைப் பார்த்து மருத்துவர், அறுவை வேண்டாம் என்பார்.
இந்த மாதிரி வறண்டதைப் பார்த்து, பலன் உண்டு என்பார்.

காதுக்கு மேலே தோலில் ஓடும் நாளத்தைத் திருப்பி
மண்டைக்குள் விட்டு மூளையின் மேல் தைப்பார்கள்.
"ஒட்டு" என்றார் அவர் கணவர், விரலில் கத்தித் தழும்பு.
"கட்டிவிடலாம். பிடித்ததா என்று..."
மீதியைச் சொல்லாமல் தொப்பியை மடித்தார்.

என் கணக்கு எண்பத்திரண்டு சதவீதம் என்றது.
யுகினோ கேட்டார்:
"அந்தப் பதினெட்டுப் பேர் இப்போது எப்படி இருக்கிறார்கள், குடோ-சான்?"
அதுவரை யாரும் கேட்டதில்லை.
எனக்கு அவர்களின் கோப்பு எண்கள் தெரியும்.

தையல் பிடித்தது. மூன்றாம் நாள் வார்த்தை போயிற்று.
பேனாவைக் காட்டினால் ஒரு ஸ்டேஷன் பெயர்,
தண்ணீரைக் காட்டினால் அடுத்த ஸ்டேஷன்,
கணவரைக் காட்டினால் கடைசி ஸ்டேஷன்.
வரிசை மட்டும் தப்பவில்லை.
மறுபடி எடுத்த படத்தில் அந்த நீலம்
கண் கூசும் சிவப்பு:
காய்ந்த வயலில் ஒரே நாளில் மடையைத் திறந்துவிட்டிருந்தோம்.
ரத்த அழுத்தத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு
ஐந்து இரவுகள் உட்கார்ந்திருந்தார்கள்.
ஒன்பதாம் நாள் பேனா பேனாவாயிற்று.
அட்டவணையில் அந்த நாட்களுக்கு
ஒரு கட்டம்தான்: தற்காலிகம்.

மே மாதம் திரும்ப வந்தார்.
கையிருப்பு: கூட்டல் இருபத்தொன்று.
முடிவு, நல்லது அல்லது மோசம்.
நல்லது என்று குறித்தேன்.
சேர்க்க இடமில்லாத ஒன்றை அவர் சொன்னார்:
"இங்கே துடிக்கும், தூக்கம் வராத இரவில் எண்ணுவேன்.
இப்போது உள்ளே போய்விட்டது. கேட்கவில்லை."

காகிதக் குவளையில் தேநீர் கொடுத்தேன்.
ஆவி அடங்கட்டும் என்று அவர் காத்திருந்தார்,
ஒரு நிமிடம், அதற்கும் மேல்.
"ஊதலாமே" என்றேன்.

குவளையை இடது கைக்கு மாற்றி
வலது கையை மேசைமேல் விரித்து வைத்து
அதையே பார்த்துக்கொண்டு
மெல்ல
ஒருமுறை ஊதினார்.